அச்சுக்குக் கொடுத்த கோப்பு போர்ட்ஃபோலியோவுக்கு ஆகாது

வாடிக்கையாளரிடம் ஒப்படைத்த கோப்பையே எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டால் போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளைக் காட்டும் பக்கம்) தயார் என்ற எண்ணம், தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர்களிடம் பரவலாக இருக்கிறது. அச்சகத்துக்கு அனுப்பிய பிடிஎஃப்பைத் திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட், ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் இருக்கும் செயலித் திரைகளை மொத்தமாக ஒரு எக்ஸ்போர்ட், பழைய மின்னஞ்சலில் கிடந்த லோகோ ஒன்று என்று கைக்குக் கிடைத்ததைச் சேர்த்துப் பக்கத்தை நிரப்பிவிடுகிறோம். பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அங்கே ஓரம் மங்கி, நிறம் வெளுத்து நிற்கும். பக்கத்தைத் திறக்கும் புதிய வாடிக்கையாளருக்கு நம் மூலக் கோப்பு தெரியாது. அவர் முன் இருப்பது அந்தப் படம் மட்டும்தான். எழுத்தின் விளிம்பு கலங்கித் தெரிந்தால் அது கோப்பைச் சுருக்கியதால் வந்த கோளாறு என்று அவர் பிரித்துப் பார்க்க மாட்டார். இந்த ஆளுக்குக் கண் போதாது என்று முடிவுகட்டிவிடுவார். ஆகவே போர்ட்ஃபோலியோவில் இடம்பெறும் ஒவ்வொரு படத்தையும் மூலக் கோப்பிலிருந்து, திரைக்கென்றே, தனியாக உருவாக்க வேண்டும் என்பது என் கட்சி. அதை நான் எந்த வரிசையில் செய்கிறேன், எங்கெல்லாம் நின்று பார்க்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எந்த வேலைகளைக் காட்டுவது என்ற தேர்வைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அது தனிப் பதிவுக்கான விஷயம். தேர்ந்தெடுத்த பிறகு, லேயர்கள் (தனித்தனி அடுக்குகள்) கலையாத மூலத்தைத் தேடி எடுப்பதுதான் முதல் வேலை. கொஞ்சம் தகவலை இழந்து எடையைக் குறைக்கும் ஜேபெக் வகையில் ஏற்கெனவே சேமித்த படத்தைத் திறந்து, வெட்டி, மறுபடி ஜேபெக்காகச் சேமித்தால் முதல் முறை இழந்ததன்மேல் இரண்டாம் முறை இழப்பும் சேர்ந்துகொள்ளும். மூலம் கிடைக்காத பழைய வேலை என்றால், கிடைத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்ட முயலாமல் சிறிய அளவிலேயே வைத்துவிடுவது மேல்.

அடுத்தது நிறம். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்வதற்குக் காரணம், இங்கே தவறினால் பின்னால் வரும் எந்தக் கட்டத்திலும் அதைச் சரிக்கட்ட முடியாது என்பதே. கோப்பிலுள்ள எண்கள் எந்தெந்த நிறமாகத் தெரிய வேண்டும் என்று சொல்லும் வரையறைதான் நிறவெளி. இணையத்தின் பொதுவான நிறவெளி எஸ்ஆர்ஜிபி. எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996-ல் முன்வைத்து, 1999-ல் ஐஇசி என்ற தர அமைப்பின் சர்வதேசத் தரமாக ஆன இந்த நிறவெளியில்தான் படம் இருக்கிறது என்று, புரொஃபைல் (எந்த நிறவெளி என்று சொல்லும் குறிப்பு) எதுவும் பதியப்படாத கோப்பைப் பார்க்கும்போது பிரவுசர்கள் பொதுவாக எடுத்துக்கொள்கின்றன. அடோபி ஆர்ஜிபி என்ற வேறு நிறவெளியில் திருத்திய புகைப்படமோ, அச்சின் நான்கு மைகளுக்கான சிஎம்ஒய்கேயில் அமைத்த விளம்பரத் தாளோ அப்படியே மேலேறினால் அது எப்படித் தெரியும் என்பது பார்ப்பவரின் பிரவுசரையும் திரையையும் பொறுத்த விஷயமாகிவிடும்.

போட்டோஷாப்பில் இதற்கான இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. 'கன்வர்ட் டு புரொஃபைல்' என்பது எண்களை மாற்றித் தோற்றத்தைக் காப்பாற்றும். 'அசைன் புரொஃபைல்' என்பது எண்களை அப்படியே விட்டுத் தோற்றத்தை மாற்றிவிடும். நமக்கு வேண்டியது முதலாவது. அச்சு வேலைகளில் இன்னொரு படியும் உண்டு. பிராண்டின் கையேட்டில் திரைக்கென்று ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) மதிப்பு கொடுக்கப்பட்டிருந்தால், சிஎம்ஒய்கே கோப்பிலிருந்து வந்த நிறத்தை அப்படியே நம்பாமல் அந்த மதிப்பை நேரடியாக இட்டுவிடலாம். ஓவர்பிரிண்ட் போட்ட இடங்களையும் பார்க்க வேண்டும். அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து வந்த மை, ஓவர்பிரிண்ட் முன்தோற்றம் அணைந்திருக்கும் எக்ஸ்போர்ட்டில் வேறு நிறமாக வரலாம்.

ஸ்கிரீன்ஷாட்டை நான் ஏன் நம்புவதில்லை என்பதற்கு ஒரே ஒரு சிவப்பை எடுத்துப் பார்க்கலாம். மேக் கணினியில் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட், அந்தத் திரையின் நிறப் புரொஃபைலைத் தன்னோடு கொண்டுவருகிறது. வடிவமைப்பில் இருக்கும் சிவப்பின் மதிப்பு எஸ்ஆர்ஜிபியில் 255, 0, 0 என்று வைத்துக்கொள்வோம். டிஸ்ப்ளே பி3 என்ற, இன்னும் விரிந்த நிறவெளியில் அதே சிவப்பைச் சொல்வதற்கு ஏறத்தாழ 234, 51, 35 என்ற எண்கள் போதும். ஸ்கிரீன்ஷாட்டில் பதிவாவதும் இவற்றை ஒட்டிய எண்கள்தான். புரொஃபைல் கூடவே இருக்கும்வரை பிரவுசர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு முழுச் சிவப்பாகவே காட்டும். ஆனால் கோப்பின் எடையைக் குறைக்கும் கருவி ஒன்று, 'தேவையற்ற தகவல்' என்று புரொஃபைலையும் சேர்த்து உருவி எறிந்துவிட்டால், அதே எண்களை பிரவுசர் எஸ்ஆர்ஜிபியாகப் படிக்கும். வாடிக்கையாளரின் சிவப்பு, ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சோகைச் சிவப்பாகிவிடும். நம் கணினியில் திறந்து பார்க்கும் மூல ஸ்கிரீன்ஷாட்டில் இது தெரியாது. இணையத்தில் ஏறிய பிரதியில்தான் தெரியும். எனவே முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டு, புரொஃபைலையும் பதித்தே சேமிக்கிறேன். விரிந்த நிறவெளியிலேயே வெளியிடுவதற்கும் இன்று வழி இருக்கிறது. நியான் போன்ற நிறங்களே வேலையின் உயிராக இருந்தால் அதை முயலலாம். மற்றபடி எல்லாத் திரையிலும் ஒரேமாதிரி வருவதுதான் எனக்கு முக்கியம்.

அளவைப் பற்றிப் பேச வந்தால் முதலில் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்ற பேச்சை ஓரங்கட்ட வேண்டும். இணையப் படத்துக்கு 72 டிபிஐ இருக்க வேண்டும் என்று இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். 1984-ல் வந்த மேக்கின்டாஷ் கணினியின் திரையில் ஓர் அங்குலத்துக்கு 72 பிக்சல் இருந்தது. அந்த எண் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிரவுசர் பார்ப்பது பிக்சல் எண்ணிக்கையை மட்டுமே. 2400 பிக்சல் அகலமுள்ள படத்தில் 72 என்று எழுதியிருந்தாலும் 300 என்று எழுதியிருந்தாலும் திரையில் இம்மி வித்தியாசம் இருக்காது. போட்டோஷாப்பின் பட அளவுப் பெட்டியில் இந்த எண்ணை மாற்றும்போது, பிக்சல் எண்ணிக்கையையும் சேர்த்து மாற்றும் 'ரீசாம்பிள்' தேர்வு செய்யப்பட்டிருந்தால்தான் ஆபத்து. பிக்சல்கள் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும்.

ஆக, கணக்கு பக்கத்தின் அகலத்திலிருந்து தொடங்குகிறது. படம் இடம்பெறும் பத்தியின் அகலம் 1200 பிக்சல் என்று தளத்தின் அமைப்பில் இருந்தால், அதே அகலத்தில் இரு மடங்கு பிக்சல்களைக் கொண்ட இரட்டை அடர்த்தித் திரைகளுக்காக 2400 பிக்சலில் ஒரு பிரதி வேண்டும். மும்மடங்கு அடர்த்தி கொண்ட கைபேசிகள் இருக்கின்றன என்பதற்காக 3600-க்குப் போக வேண்டியதில்லை. கைபேசித் திரையின் அகலமே குறைவு என்பதால் 2400 அங்கே தாராளமாகப் போதும், சொல்லப்போனால் அதிகம். அதனால்தான் 800, 1600, 2400 என்று மூன்று அகலங்களில் வைத்து, எது வேண்டுமோ அதை பிரவுசரே எடுத்துக்கொள்ளும்படி பக்கத்தின் குறியீட்டில் 'எஸ்ஆர்சிசெட்' என்ற குறிப்பு வழியாகக் கொடுக்கிறோம். தளம் கட்டித் தரும் சேவைகள் பலவும் இதைத் தாமே செய்துவிடுகின்றன. அப்படியானால் பெரிய பிரதி ஒன்றைத் துல்லியமாகக் கொடுத்தால் போதும்.

கோப்பின் எடையை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. 4000-க்கு 3000 பிக்சல் படத்தை எவ்வளவு இறுக்கிச் சுருக்கினாலும், திரையில் காட்டுவதற்காக அதை விரிக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட் வீதம் சுமார் 48 எம்பி நினைவகம் வேண்டும். அதே படம் 2000-க்கு 1500 என்றால் 12 எம்பி. நீளமான ஒரே பக்கத்தில் முப்பது படங்களை அடுக்கும் நமக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. விலை குறைந்த கைபேசியில் அந்தப் பக்கம் திக்கித் திணறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

சிறிதாக்கும் முறையிலும் வேலைக்கு வேலை வேறுபாடு உண்டு. செயலித் திரைகளில் ஒரு பிக்சல் தடிமனுள்ள கோடுகள் நிறைய இருக்கும். ஒரு ஸ்கிரீன்ஷாட்டை 73 சதவீதம் என்பது போன்ற இசகுபிசகான விகிதத்தில் சுருக்கினால், அந்தக் கோடு இரண்டு பிக்சல்களில் பாதிப் பாதியாக விழுந்து சாம்பலாகிவிடும். ஃபிக்மாவிலிருந்தே தேவையான அளவில், ஒரு மடங்கு அல்லது இரு மடங்கு என்ற முழு எண்ணில் எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அச்சடித்த புத்தகத்தையோ உறையையோ புகைப்படமெடுத்துக் காட்டும்போது வேறொரு சங்கடம்: அச்சின் நுண்புள்ளிகளும் திரையின் பிக்சல்களும் மோதி அலையலையாக ஒரு கோலம் கிளம்பும். இலேசாக மங்கலாக்கிவிட்டுச் சிறிதாக்கினால் அது அடங்கிவிடும். கூர்மைப்படுத்துவது எப்போதும் கடைசி அளவுக்கு வந்த பிறகுதான். அதற்கு முன்னால் செய்த கூர்மை சிறிதாக்கும்போது பெரும்பாலும் கரைந்துபோகும்.

கோப்பு வகையைத் தேர்வதில் 'எது சிறந்தது' என்ற கேள்விக்கு அர்த்தமில்லை. படத்தில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. ஜேபெக் 1992-ல் தரமாக வந்தது, இன்றும் புகைப்படத்துக்குப் பழுதில்லை. ஆனால் அது எப்படி எடையைக் குறைக்கிறது என்று தெரிந்துவைத்திருந்தால் பல இடங்களில் ஏமாறாமல் தப்பிக்கலாம். மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகவும் நிற வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் பார்க்கிறது என்பதால், ஜேபெக் பெரும்பாலும் வெளிச்சத் தகவலை முழுமையாக வைத்துக்கொண்டு நிறத் தகவலை இரண்டு திசையிலும் பாதியாக்கிவிடும். அதாவது நான்கு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே நிற மதிப்பு. மரம், முகம், வானம் எதிலும் இது தெரியாது. கறுப்புப் பின்னணியில் சின்னச் சிவப்பு எழுத்துள்ள ஒரு சுவரொட்டியை இப்படிச் சேமித்து, 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் ஓரத்தில் சிவப்பு கறுப்புக்குள் கசிந்திருக்கும். எழுத்துக்குள் சில பிக்சல்கள் அழுக்குப் பழுப்பாக இருக்கும். சாதாரண அளவில் பார்க்கும்போது இவை தனித்தனியாகத் தெரியாவிட்டாலும் எழுத்து ஏனோ தெளிவில்லை என்று கண் உறுத்தும். தரத்தின் எண்ணைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்பதால் மட்டும் இது போய்விடாது. நிறக் குறைப்பையே நிறுத்த வேண்டும். ஸ்கூஷ் போன்ற படம் சுருக்கும் கருவிகளில் அதற்கான தேர்வு வெளிப்படையாக இருக்கிறது. போட்டோஷாப்பின் பழைய 'சேவ் ஃபார் வெப்' சாளரத்தில் தரம் 50-ஐத் தாண்டினால் அது தானாகவே நின்றுவிடும். ஒரு மென்பொருளின் 60-உம் இன்னொன்றின் 60-உம் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எண்ணை மனப்பாடம் செய்யாமல், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்துத்தான் நிறுத்துமிடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

கூகுள் 2010-ல் அறிமுகப்படுத்திய வெப்பி என்ற பட வகை, 2020-ல் ஆப்பிளின் சஃபாரி பிரவுசரும் ஏற்றுக்கொண்ட பிறகு தயக்கமின்றிப் பயன்படுத்தும் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் அதன் இழப்புள்ள வகை, மேலே சொன்ன நிறக் குறைப்பை எப்போதும் செய்யும்; அதை நிறுத்த வழியில்லை. ஆகவே சிவப்பு எழுத்துச் சுவரொட்டிக்கு தகவல் எதையும் விடாத, இழப்பற்ற வகைகளான இழப்பற்ற வெப்பி அல்லது பிஎன்ஜி. இணையதள வடிவமைப்பு செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு வரம்பு, வெப்பி படத்தின் எந்தப் பக்கமும் 16383 பிக்சலைத் தாண்ட முடியாது என்பது. முழுப் பக்கத்தையும் மேலிருந்து கீழ்வரை ஒரே படமாக இரட்டை அளவில் எடுத்தால் இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். பிறகு ஏற்றுமதி ஏன் தோற்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும். அப்படிப்பட்ட படத்தை மூன்று நான்கு துண்டுகளாக வெட்டிக் கொடுப்பதுதான் பார்ப்பவருக்கும் நல்லது. ஏவிஃப் என்ற பட வகை இன்னும் சிறிய கோப்பைத் தருகிறது, நிறத்தையும் முழுதாக வைத்துக்கொள்ள விடுகிறது. குரோம் 2020-லும் ஃபயர்பாக்ஸ் 2021-லும் சஃபாரி 2022-லும் அதை ஏற்றன. உருவாக்குவதற்கு நேரம் பிடிக்கும் என்பதுதான் அதில் எனக்குள்ள குறை. பழைய கருவிகளுக்காக ஜேபெக் பிரதியையும் உடன் வைப்பது வழக்கம்.

தட்டையான நிறங்களும் எழுத்தும் கொண்ட படங்களுக்கு பிஎன்ஜி பொருத்தம். நிறங்கள் குறைவென்றால் 256 நிறங்களுக்குள் அடக்கும் வகையில் எடை வெகுவாகக் குறையும். லோகோவும் ஐகான்களும், பிக்சலுக்குப் பதில் கோடுகளையும் வடிவங்களையும் சேமிக்கும் எஸ்விஜியாகவே இருக்கட்டும். ஆனால் எழுத்துகளை அவுட்லைனாக (வெறும் வடிவங்களாக) மாற்றிய பிறகே சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் லோகோ வேறு எழுத்துருவில் பல்லிளிக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் எஸ்விஜியாகச் சேமிக்கும்போது, பின்னால் திருத்துவதற்கான தகவலையும் சேர்க்கும் தேர்வை அணைத்துவிடுங்கள். கோப்பு வீங்குவது ஒருபுறம். மறைத்துவைத்த லேயர்களும் நிராகரிக்கப்பட்ட மாதிரிகளும் உள்ளே இருந்து யாருக்கும் கிடைக்கக்கூடும்.

மெல்ல மாறும் நிறச் சரிவுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 2400 பிக்சல் அகலத்தில் ஒரு கருநீலம் இன்னொரு கருநீலமாக மாறுகிறது, இரண்டுக்கும் இடையே 24 படிகள்தான் வித்தியாசம் என்றால், ஒவ்வொரு படியும் 100 பிக்சல் அகலப் பட்டையாகக் கண்ணுக்குத் தெரியும். சுருக்கம் அதை இன்னும் முரடாக்கும். சரிவின்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு துகள் இரைச்சல் சேர்த்தால் பட்டைகள் உடைந்துவிடும். கோப்பு கொஞ்சம் பெருக்கும்தான், ஆனால் அந்த எடைக்கு நான் வருந்துவதில்லை. பக்கத்தின் பின்னணி நிறத்தோடு படத்தின் பின்னணி இழையும்படி அமைக்கிறவர்கள், படத்தில் அந்தப் பின்னணியே இல்லாதபடி வெளிப்படையாக விட்டுவிட வேண்டும். ஜேபெக்கில் நிறம் ஓரிரு எண் நகர்ந்தாலும் போதும், படத்தைச் சுற்றி ஒரு செவ்வகத்தின் விளிம்பு மெலிதாகத் தெரியும். அசைவுள்ள வேலைகளை ஜிஃப்பாகப் போடுவதை விட்டுவிடலாம். 256 நிறங்களைத் தாண்டாத 1987-ம் ஆண்டுத் தொழில்நுட்பம் அது. ஒலியில்லாமல் தானாகச் சுழலும் எம்பி4 காணொளி பல மடங்கு இலேசாகவும் பார்க்க நன்றாகவும் இருக்கும்.

கோப்புக்குள் நாம் அறியாமல் போய்ச் சேர்வது நிறமும் லேயரும் மட்டுமல்ல. கைபேசியில் எடுத்த படத்தோடு கேமரா சேர்த்துவைக்கும் எக்ஸிஃப் தகவலில், எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள் இருக்கலாம். வீட்டு மேசைமேல் வைத்து எடுத்த புத்தக உறை, வீட்டு முகவரியைச் சொல்லிவிடும். சில கருவிகளில் வெட்டிய படத்துக்குள், வெட்டுவதற்கு முந்தைய சிறு மாதிரிப் படம் அப்படியே தங்கிவிடுவதும் உண்டு. அதனால் எக்ஸிஃப்பை நீக்குவது அவசியம். ஆனால் படம் எந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற குறிப்பும் அங்கேதான் இருக்கிறது. திசையை நிஜமாகவே திருப்பிச் சேமிக்காமல் அதை நீக்கினால் படம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். உரிமையாளர் பெயரைச் சொல்லும் குறிப்பை மட்டும் நான் விட்டுவைக்கிறேன். படத்தின் நடுவில் குறுக்கே பெயர் எழுதும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. திருட நினைப்பவரைவிட வேலை கொடுக்க வந்தவரைத்தான் அது அதிகம் தொந்தரவு செய்கிறது.

வாடிக்கையாளரின் தரவுகள் தெரியும் திரைகளில், பெயர்களையும் தொகைகளையும் மங்கலாக்கி மறைப்பது பாதுகாப்பானதல்ல. எழுத்துருவும் அளவும் தெரிந்திருந்தால், ஒவ்வொரு எழுத்தையும் அதேபோல் மங்கலாக்கி ஒப்பிட்டு மூலத்தை ஊகித்துவிட முடியும். மூலக் கோப்பிலேயே கற்பனைப் பெயர்களை இட்டு எடுப்பதுதான் முறை. பார்ப்பதற்கும் அதுவே ஒழுங்காக இருக்கும். ரகசிய ஒப்பந்தம் உள்ள வேலையாக இருந்தால் இதற்கெல்லாம் முன்பே எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

பெயரிடுவதில் சொல்ல அதிகமில்லை. சிறிய ஆங்கில எழுத்துகள், இடையில் சிறுகோடு, இடைவெளி கிடையாது. லினக்ஸ் சர்வர்கள் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுவேறாகவே பார்க்கும் என்பதால், நம் கணினியில் தெரிந்த படம் தளத்தில் காணாமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசைதான். ஆனால் முகவரியில் அது குறியீடாக மாறும்போது 'படம்' என்ற ஒரு சொல்லே 36 எழுத்துகளாக நீண்டுவிடும். தமிழை ஆல்ட் உரையில் (படத்தைச் சொல்லில் விவரிக்கும் குறிப்பில்) தாராளமாக எழுதலாம். அங்கே 'லோகோ 3' என்று எழுதுவதைவிட, 'நீலப் பின்னணியில் வெள்ளைப் பறவைச் சின்னம், பெட்டியின் மூடியில் பொறிக்கப்பட்டது' என்று எழுதினால், படத்தைக் காண இயலாதவருக்கும் வேலை என்னவென்று புரியும். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் குறிப்பிட்டுவிட்டால், படம் வந்து சேரும்போது பக்கம் துள்ளாது. மேலே முதலில் தெரியும் படத்துக்குத் தாமத ஏற்றம் (பார்ப்பவர் அருகே வரும்போதுதான் படத்தை இறக்குவது) வேண்டாம்; கீழே உள்ளவற்றுக்கு வேண்டும். இணைப்பைப் பகிரும்போது தெரியும் முன்னோட்டப் படத்தை 1200-க்கு 630 என்ற அளவில் தனியாகச் செய்துவைப்பது நல்லது. அதைத் தானாக வெட்டும்படி விட்டால் லோகோவின் பாதியைத்தான் காட்டும்.

ஏற்றிய பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. பல சேவைகள் நாம் கொடுத்த கோப்பை மறுபடி சுருக்கியே வெளியிடுகின்றன. எனவே தளத்திலிருந்து அந்தப் படத்தைத் திரும்ப இறக்கி, நாம் அனுப்பிய பிரதியின் பக்கத்தில் வைத்து 100 சதவீத அளவில் ஒப்பிட வேண்டும். அங்கே நடக்கும் சுருக்கம் முரடானதாக இருந்தால், நாம் அனுப்புவதை இறுக்கிச் சுருக்காமல் உயர்ந்த தரத்தில் அனுப்புவது பலன் தரும். இரண்டு பேரும் சுருக்கினால்தான் கோளாறு கூடுகிறது. கைபேசியில் பார்க்கும்போது, இரவு நேரத்துக்காகத் திரையை மஞ்சளாக்கும் வசதி அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மூலம், எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிய இழப்பற்ற பிரதி, இணையத்தில் ஏறியவை ஆகியவற்றைத் தனித்தனி கோப்புறைகளில் போட்டு, எந்த அகலம், எந்த வகை, எந்தத் தரம் என்பதைச் சின்ன உரைக் கோப்பில் குறித்துவைக்கிறேன். தளத்தின் அமைப்பை மாற்றி, பத்தியின் அகலம் 1200-லிருந்து 1400 ஆகும் நாளில், நடுவிலுள்ள கோப்புறையிலிருந்து எல்லாப் படங்களையும் ஒரே மூச்சில் மறுபடி எடுத்துவிடலாம்.